அழகமுத்து பாவிய முற்றங்கள்

1932 பங்குனியில், இலங்கையில் கண்டிக்கு மேலே ஹந்தானை மலையிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்பத்தோரு பேருக்குப் பேர் வெட்டினார்கள். தேயிலை விலை விழுந்துவிட்டது, இனி இத்தனை பேருக்கு வேலை கொடுக்க முடியாது, இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு ரயிலும் கப்பலும் இலவசம் என்று காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்துக் கணக்கப்பிள்ளை வாசித்தார். கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவின் பெயர் அதில் இருந்தது. அரைப்பேருக்கு, பாதிக் கூலிக்கு, புல் வெட்டப் போய்க்கொண்டிருந்த அவளுடைய மூத்த மகள் சுந்தரியின் பெயரும் இருந்தது. பேச்சியம்மாவின் புருஷன் அழகமுத்துவின் பெயர் மட்டும் இல்லை.

ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்து அழகமுத்து ஆபீஸ் வாசலில் போய் நின்றார். பிழை ஒன்றும் இல்லை. துரையே வெளியே வந்து, தோட்டத்துத் தமிழில் விஷயத்தைச் சொன்னார்.

"நீ கல்லு வேலை தெரியும். கான் கட்டினது எல்லாம் நான் பார்த்தது. பங்களாவுக்குப் பின்னால கல்லு போடணும். துரைசாணி சீமையில இருந்து மார்கழியில வாறாங்க. வெளியில உக்காந்து தேத்தண்ணி குடிக்க அவங்களுக்கு ஆசை. அது முடிஞ்சா நீ ஊருக்குப் போகலாம்."

"எத்தன மாசம் தொரை?"

"ஆறு மாசம்."

அழகமுத்துவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஏழு வயதில் கோவில்பட்டிக்குத் தெற்கேயிருந்து தாயோடு கப்பலேறி வந்தவர். கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே வளர்ந்தாலும் கை என்னவோ கல்லின் பக்கமே போனது. மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி வடிகாலாகக் கான் கட்டுவதும், சரிவுகளுக்கு அணை கட்டுவதும்தான் பதினெட்டு வருஷமாக அவருடைய வேலை. அதிகம் பேச மாட்டார். வீட்டில் பேச்சு பேச்சியம்மாவுடையது.

கண்டி ஸ்டேஷனில் மூட்டைமுடிச்சுகளை ஏற்றிவிட்டுக் கீழே நின்றபோதும் பேசியது அவள்தான். ஆறு வயதுச் சின்ன மகள் வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஆறு மாசம்ன்னு சொல்லியிருக்கீங்க," என்றாள் பேச்சியம்மா. "அதுக்கு மேல எண்ண எனக்குத் தெரியாது."

"வந்துருவேன் புள்ள."

"நேரத்துக்குத் தின்னுங்க. அம்மிய விட்டுட்டுப் போறேன். பக்கத்து லயத்துக்காரி கேட்டா குடுத்துறாதீங்க."

ரயில் போனபிறகு அவர் ஹந்தானைக்கு நடந்தே ஏறினார். வரிசை வீடான லயத்தில் பத்துக் காம்பராவில் ஆறு காலியாகக் கிடந்தன.

மறுநாள் காலை துரை பங்களாவின் பின்வளவைக் காட்டினார். முப்பதடி நீளம், இருபதடி அகலம். கீழே கண்டிப் பட்டணமும் குளமும் தெரியும் இடம். ஆனால் தரை சிவப்பு மண். மழை பெய்தால் கணுக்கால் புதையும், புல்லில் அட்டை ஏறும்.

"கல்லை வெட்டாதே. செதுக்காதே," என்றார் துரை. "மலையில எப்படி இருக்கோ அப்படியே வேணும்."

அழகமுத்துவுக்கு இது விளங்கவில்லை. மற்ற இடங்களில் கல்லைச் சதுரமாகச் செதுக்கத்தான் கூலி கொடுப்பார்கள். இந்த மனுஷர் கோணல்மாணலாகவே வேண்டும் என்கிறார். ஆனால் வேலையைத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் அந்தக் கோணலில் உள்ள சிரமம் அவருக்குப் பிடிபட்டது. சதுரக் கல்லை யாரும் அடுக்கலாம். மலையிலிருந்து வருகிற கல்லுக்குப் பொருத்தமான பக்கத்துக் கல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓடைக்கு மேலே ஒரு பாறை தகடு தகடாகப் பிரிந்து கிடந்தது. அலவாங்கைச் சந்தில் கொடுத்து நெம்பினால் இரண்டு விரல் கனத்தில் பலகை மாதிரிக் கழன்று வரும். ஒவ்வொன்றாகச் சாக்கில் வைத்து இழுத்து வந்து புல்லில் பரப்பினார். எல்லாக் கல்லையும் பரப்பி வைத்துவிட்டு, காலையில் அவற்றின் நடுவே நின்று விளிம்புகளைப் பார்ப்பார். ஒன்றின் பள்ளத்துக்கு இன்னொன்றின் மூக்கு சரியாக உட்கார வேண்டும். சில நாள் மதியம் வரைக்கும் ஒரு கல்கூட அகப்படாது.

முதல் பத்தடியை வைகாசிக்குள் பாவிவிட்டார். ஆனியில் பெய்த பெருமழையில் அதில் பாதி கீழே இறங்கிப்போனது. கான் கட்டிய பழக்கத்தில் மண்ணின் மேலேயே கல்லை வைத்திருந்தார். அதையெல்லாம் பெயர்த்துவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, கல்லை உடைத்துச் சல்லி போட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, அதன் மேல் ஓடை மணலைப் பரப்பி மீண்டும் தொடங்கினார். அங்கேயே இரண்டு மாதம் போய்விட்டது.

அந்த நாட்களில் அவரோடு பேசக்கூடிய ஒரே ஆள் பங்களாவில் சமைக்கிற கோக்கி சாஹுல் ஹமீது. கண்டிக்குப் பக்கத்து மடவளையைச் சேர்ந்தவர், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், அழகமுத்து அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர். குசினிப் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி கல் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் கேட்டார்:

"யாரோட பேசுற அழகமுத்து?"

"யாரோடயும் இல்ல நானா."

"இப்ப நீ 'இங்கிட்டு வா'ன்னு செல்லல்லியா?"

அழகமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்லோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அது அவருடைய காதிலேயே விழவில்லை. லயத்தில் காலையில் கதவைச் சாத்திவிட்டு வருகிறவர் மாலையில் போய்ச் சோறு வடித்துப் படுக்கும் வரைக்கும் வாய் திறப்பதில்லை. பேச வேண்டியதெல்லாம் இங்கே இறங்குகிறது போலிருக்கிறது.

தபால் பையை எடுத்து வருகிறவரும் சாஹுல் ஹமீதுதான். தமிழ் நன்றாக வாசிப்பார். பேச்சியம்மாவின் முதல் காயிதம் சித்திரையில் வந்தது. நல்லபடியாக வந்து சேர்ந்தோம், அண்ணன் வீட்டில் இருக்கிறோம். இரண்டாவது ஆடியில் வந்தது. வடிவுக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டது. மூன்றாவது ஐப்பசியில் வந்தபோது, சாஹுல் ஹமீது கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து நிதானமாக வாசித்தார்.

"இங்கே இரண்டு வருஷமாக மழை இல்லை. அண்ணன் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிகிறது. சுந்தரியும் நானும் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டக் கேட்டிருக்கிறோம். நீங்கள் இப்போது வர வேண்டாம். வந்தால் ஒரு வயிறு கூடும். அங்கே பேர் இருக்கிற வரைக்கும் இருங்கள்."

"இன்னொருக்கா வாசிங்க நானா," என்றார் அழகமுத்து.

சாஹுல் ஹமீது மறுபடியும் வாசித்தார். இரண்டாம் தரமும் அதேதான் இருந்தது.

துரை சொன்ன ஆறு மாதம் அப்போது கழிந்துவிட்டிருந்தது. இருபதடி முடிந்து பத்தடிதான் மிச்சம். மழை விட்டால் மார்கழிக்குள் முடித்துவிடலாம். முடித்தால் பேர் போகும். ஊரிலும் வர வேண்டாம் என்கிறாள்.

கல் வேலையில் மெதுவாகச் செய்வதற்கு நிறைய இடமிருக்கிறது. முதலில் அவர் கல் தேடுவதில் நாளைக் கழித்தார். அடுத்து மணலைச் சலித்தார். பிறகு ஒரு நாள், நன்றாக உட்கார்ந்திருந்த கல்லொன்றை அலவாங்கால் கிளப்பி எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். பதினெட்டு வருஷத்தில் செய்யாத காரியம். மறுநாளும் அப்படியே செய்தார்.

சாஹுல் ஹமீது ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அந்த மூலைக் கல்ல மூணாந் தரம் பேக்கிற நீ."

"அது சரியா உக்காரல நானா."

"நல்லாத்தான் உக்காந்தீக்கி."

அழகமுத்து அலவாங்கை எடுத்தார். சாஹுல் ஹமீது குரலைத் தாழ்த்தினார்.

"நான் யாருக்கிட்டயும் செல்ல மாட்டேன். தொரசாணியும் வரப் போறல்ல. அவட காயிதம் வந்த நாள்ள இருந்து தொரை ராச் சாப்பாட்ட அப்படியே திருப்பி அனுப்புறார். ஒனக்கும் அவருக்கும் அவசரம் இல்ல. செய்."

மார்கழி வந்தது, துரைசாணி வரவில்லை. துரை சில மாலைகளில் பின்வளவுக்கு வந்து, முடிந்த இருபதடியின் ஓரத்தில் நின்று பட்டணத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். கல்லைப் பார்க்க மாட்டார். எத்தனை கல் இடம் மாறியது என்று அவர் கேட்டதேயில்லை. அழகமுத்துவும் தானாகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்துகொண்டு மாசி வரைக்கும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

1933 சித்திரையில் துரையைக் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது. மோட்டார் சைக்கிளில் ஒரு இளம் துரை வந்தார். பின்வளவைப் பார்த்தார், ஒரு வருஷமாக ஓர் ஆள் இதைச் செய்துகொண்டிருப்பதைக் கேட்டார், சிரித்தார்.

"இன்னும் எத்தனை நாள்?"

"ஒரு மாசம் தொரை."

"ஒரு கிழமை," என்றார் இளம் துரை.

அந்த ஒரு கிழமையில் அழகமுத்து வேலை செய்தார். பிடித்து வைத்திருந்த கையை விட்ட மாதிரி இருந்தது. எந்தக் கல் எங்கே போகும் என்பது எத்தனையோ மாதங்களாக அவருக்குத் தெரியும். புல்லிலிருந்து தூக்குவதும் வைப்பதும் மரச் சுத்தியலால் தட்டுவதும் சந்துகளில் சில்லுகளைச் செருகுவதும்தான் மிச்சம். ஏழாம் நாள் பத்து வாளி தண்ணீர் கொண்டுவந்து மேல் ஓரத்தில் ஊற்றினார். தண்ணீர் எங்கேயும் தேங்காமல் முப்பதடியும் ஓடி வந்து கானில் விழுந்தது. குசினிப் படியில் சாஹுல் ஹமீது நின்று பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பெரட்டில் அவருக்குப் பேர் வெட்டினார்கள். பேர் வெட்டிய துண்டுச் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கினார்.

போவதற்கு ஓரிடத்தைக் காட்டியதும் சாஹுல் ஹமீதுதான். மடவளையில் அவருடைய ராத்தா, மூத்த சகோதரி ஆஸியா உம்மாவின் வீடு இருந்தது. மச்சான் பளீல் சாதிக்காயும் கராம்பும் மிளகும் வாங்கி விற்கிறவர். காய்கிற சரக்கில் மண் ஒட்டுகிறது என்பது அந்த வீட்டில் தினசரிச் சண்டை. "பின்வளவுக்குக் கல் பாவி விடு," என்றார் சாஹுல் ஹமீது.

பதினோரு நாள் வேலை. ஆஸியா உம்மாவை அந்தப் பதினோரு நாளும் அழகமுத்து பார்க்கவில்லை. குசினிக் கதவு ஒரு சாண் திறந்திருக்கும், குரல் வரும், தேத்தண்ணிக் கோப்பை வாசற்படிக்கு வரும்.

"கெணத்தடிக்கும் போடுங்க. வழுக்குது."

"சரிங்க உம்மா."

"ஒங்கட பொஞ்சாதி எங்க?"

"ஊர்ல."

"புள்ளைகள்?"

"அதுகளும் ஊர்ல."

கதவிடுக்கால் ஒரு துண்டு கருப்பட்டி கோப்பைக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க," என்றது குரல்.

கராம்பு அந்தக் கல்லில் ஒரு வெயிலிலேயே காய்ந்ததைப் பார்த்து அடுத்த வீட்டில் கூப்பிட்டார்கள். பிறகு கட்டுகஸ்தோட்டையில் கூப்பிட்டார்கள். கல் பாவுகிற அழகமுத்து என்று பெயர் பரவியது. பளீலின் கடைக்குப் பின்னால் சாக்குகள் அடுக்குகிற அறையில் ஒரு மூலை கிடைத்தது. மாதா மாதம் மணியோடர் அனுப்பினார். அடுத்த வருஷம் சாஹுல் ஹமீதும் பங்களாவை விட்டு மடவளைக்கே வந்துவிட்டதால் காயிதம் வாசிக்க ஆள் இருந்தது. காயிதங்களும் இப்போது தெம்பாக வந்தன. அண்ணன் வீட்டை விட்டுத் தனி வீடு பார்த்துவிட்டோம். ஒரு நாளைக்கு இத்தனை குரோசு பெட்டி ஒட்டுகிறோம். சுந்தரிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறது.

1936 மாசியில் அவர் கல்யாணத்துக்குப் போனார். நாலு வருஷத்துக்குப் பிறகு.

வீட்டு வாசலில் சுந்தரி நின்றாள். பதினைந்து வயது. தகப்பனை அடையாளம் கண்டுகொண்டு, விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி, "வாங்க" என்றாள். வடிவு தாயின் பின்னால் போய் நின்றாள். பேச்சியம்மாவின் முன்தலை நரைத்திருந்தது.

"எளச்சுப் போயிட்டீங்க," என்றாள் அவள். அதைச் சொல்லும்போதும் அவள் கை ஒரு பெட்டியை ஒட்டி முடித்துக் கூடையில் போட்டது.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் தாயும் சின்ன மகளும் பசைச் சட்டியோடு உட்கார்ந்துவிட்டார்கள். காகிதத்தில் பசை, மேலே மெல்லிய மரப்பட்டை, மூன்று மடிப்பு, ஒரு பெட்டி. அவர்கள் விரல் போகிற வேகத்தை அவருடைய கண்ணால் பின்தொடர முடியவில்லை. அவரும் உட்கார்ந்து பார்த்தார். கல் தூக்கிக் காய்ப்பேறிய விரல்களுக்குள் அந்த மரப்பட்டை ஒடிந்தது. இன்னொன்றும் ஒடிந்தது. வடிவு அவருக்கு முன்னாலிருந்த காகிதங்களை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விடுங்க," என்றாள் பேச்சியம்மா. "நம்மகிட்டக் கம்பெனில கணக்குக் கேப்பாங்க."

அவர் எழுந்து வெளியே போனார். வீட்டுக்குப் பின்னால் முற்றம் புழுதியாகக் கிடந்தது. அதற்காவது கல் பாவலாம் என்று நினைத்துக் கடப்பாரையை இரவல் வாங்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தார். கரிசல் பூமி. வெடித்துக் கிடந்த கறுப்பு மண்ணில் கையளவு கல்கூட இல்லை. சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று பேச்சியம்மா கேட்டதற்கு, சும்மா நடந்தேன் என்றார்.

நாற்பது நாள் இருந்தார். அந்த வீட்டில் எல்லோருக்கும் வேலை இருந்தது, அவருக்கு இல்லை. அவர் உட்கார்ந்த இடமெல்லாம் யாருக்கோ பெட்டி காயவைக்க வேண்டிய இடமாக இருந்தது. ஒரு காலையில் பேச்சியம்மாவே சொன்னாள்.

"அங்கயே போங்க. அங்க ஒங்களக் கூப்புட ஆளு இருக்கு."

"நீயும் வாயேன் புள்ள."

"வடிவ வச்சுக்கிட்டு எங்க வர? இவள ஒரு எடத்துல கட்டிக் குடுத்துட்டு வாறேன்."

பளீல் முதலாளி எழுதித் தந்திருந்த கடிதத்தைக் காட்டித் திரும்பவும் கப்பலேறினார். கண்டிக்கு வந்து சேர்ந்த அன்று மதியமே கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் மண் வெட்டத் தொடங்கிவிட்டார்.

மூன்று வருஷம் போனது. 1939 வைகாசியில் ஒரு காயிதம் வந்தது. வடிவுக்குத் திடீரென்று இடம் அமைந்து, நாள் குறித்தாகிவிட்டது. சாஹுல் ஹமீது தேதியைப் பார்த்துவிட்டுக் காயிதத்தைத் தாழ்த்தினார். கல்யாணம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

"கடைசியில ஒண்டு எழுதீக்கி, கேளு," என்றார். "'இனி வீட்டில் நான் மட்டும்தான். ஆடி கழிந்ததும் புறப்பட்டு வருகிறேன்.'"

அன்றிலிருந்து அழகமுத்து வேறு ஆளாக நடமாடினார். பளீல் முதலாளியின் காணியின் ஓரத்தில் காலியாகக் கிடந்த சின்ன வீட்டை வாடகைக்குக் கேட்டு எடுத்தார். ஓர் அறை, ஒரு குசினி, பின்னால் கிணறு. கூரைக்குத் தகரம் மாற்றினார். உட்காரக் கதிரை ஒன்று வாங்கினார். பிறகு பின்வளவில் இறங்கினார். எத்தனையோ வீட்டுக்குப் பாவியவர், தனக்கென்று ஒரு கல்லும் வைத்ததில்லை. தகடாகப் பிரியும் பாறை ஹேவாஹெட்ட ரோட்டில் ஓரிடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வண்டி பிடித்துப் போய் ஏற்றிவந்தார். பகலில் மற்றவர்கள் வேலை, வெயில் தாழ்ந்தபிறகு இந்த வேலை. குசினிக் கதவிலிருந்து கிணற்றடி வரைக்கும், அவள் கால் மண்ணில் படாமல் போய்வர வேண்டும் என்பது கணக்கு.

ஆவணி பிறந்து சில நாளில் சாஹுல் ஹமீது பத்திரிகையோடு வந்தார். இலங்கைக்குக் கூலி வேலைக்கு ஆட்கள் கப்பலேறுவதை இந்தியா நிறுத்திவிட்டது என்று அதில் போட்டிருந்தது.

"இவ கூலிக்கா வாறா? புருசங்கிட்ட வாறா," என்றார் அழகமுத்து.

"அதுதானே," என்றார் சாஹுல் ஹமீது. ஆனால் முகத்தில் தெளிவு இல்லை.

புரட்டாதியில் பேச்சியம்மாவின் காயிதம் வந்தது. மூட்டையோடு கப்பலேறுகிற இடம் வரைக்கும் போனேன். உன் புருஷன் எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள். தோட்டத்தில் இல்லை, கல் பாவுகிறார் என்று சொன்னேன். அப்படியானால் யார் உனக்கு அனுமதிக் காயிதம் தருவார் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அங்கேயே படுத்திருந்துவிட்டு அதே ரயிலில் திரும்பி வந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பளீல் முதலாளி ஆபீசுகளுக்கு எழுதிப் பார்த்தார். அவர்கள் அனுப்பிய படிவங்களில் எல்லாம் தோட்டத்தின் பெயரை எழுத ஓர் இடம் இருந்தது. தோட்டத்தின் பெயர் இல்லாமல் அனுப்பியவை திரும்பி வந்தன.

பின்வளவில் இன்னும் இரண்டு வரிசை மிச்சம் இருந்தது. அழகமுத்து ஒரு கிழமை அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் மண்ணைத் தோண்டி, சல்லி போட்டு, இடித்து, மிச்சத்தையும் பாவி முடித்தார்.

அன்று பின்னேரம் சாஹுல் ஹமீது தாளும் பேனையுமாக வந்து, அங்கிருந்த ஒரே ஒரு கதிரையில் உட்கார்ந்தார். அழகமுத்து கல்லில் உட்கார்ந்தார்.

"பதில் எழுதணுமே. என்னத்த எழுத?"

அழகமுத்து குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் காட்டினார்.

"குசினிக் கதவத் தொறந்து எறங்குற எடத்துல ஒரு பெரிய கல்லு இருக்குன்னு எழுதுங்க. ரெண்டு பேரு நிக்கலாம். லேசா நீலம் ஓடுன கல்லு."

சாஹுல் ஹமீது நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

"அதுக்குப் பக்கத்துல ஒரு சின்னது, ஆட்டுத் தல மாதிரி. அதுல காலை வெயிலு மொதல்ல விழும். அங்கன ஒக்காந்து அரிசி பொடைக்கலாம். அதத் தாண்டி மூணு கல்லு ஒண்ணோட ஒண்ணு சேந்தாப்ல வரும். தண்ணி மேக்கால போற மாதிரி சரிவு விட்டிருக்கு, காலு வழுக்காது..."

அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கல்லாகச் சொல்லிக்கொண்டே போனார். அது எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் சொரசொரப்பு, எதில் சட்டி கவிழ்க்கலாம், எதில் மிளகாய் காயும் என்று சொன்னார். சாஹுல் ஹமீதுக்குக் கை வலித்தது, ஆனாலும் எழுதினார். ஒரு தாள் முடிந்து, இரண்டாவதும் முடிந்தது. மூன்றாம் தாளில் இடம் தீர்ந்தபோது அழகமுத்து இன்னும் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை.